கோலெட் அளந்து கொடுத்த அண்ணனுக்கு நன்றி

வேலூர் லாங் பஜார் பக்கம் டிரிம்மர் ரூட்டருக்கு (மர ஓரங்களைச் செதுக்கும் கை மெஷின்) கோலெட், அதாவது வெட்டும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வளையம், கேட்டதும், விற்பதற்கு முன் வெர்னியர் அளவுகோலை எடுத்து பிட்டின் தண்டை அளந்த அண்ணனுக்கு நன்றி. 6.35 மி.மீ., அதாவது கால் இஞ்ச். 6 மி.மீ. கோலெட்டில் அது நுழையாது. மாறாக, 6 மி.மீ. பிட்டைக் கால் இஞ்ச் கோலெட்டில் போட்டால் பிடி நிற்காது. ஓட்டத்தில் நழுவி இறங்கி வெட்டு ஆழமாகிவிடும். (பேப்பர் சுற்றி இறுக்குகிற வித்தையெல்லாம் வேண்டவே வேண்டாம்.) பிட்டை அடிவரை விட்டு, 2 மி.மீ. வெளியே இழுத்த பிறகே நட்டை முடுக்கச் சொன்னார். அடியில் முட்டி நின்றால் கோலெட் சரியாகக் கவ்வாது. கைடு புஷ் (அச்சுப்பலகையின் ஓரத்தை ஒட்டி ரூட்டரை வழிநடத்தும் வளையம்) கடையில் இல்லை. ரூட்டரின் அடித்தட்டான பேஸ் பிளேட்டின் திருகுத் துளை இடைவெளியையும் மாடல் எண்ணையும் குறித்துக்கொண்டு, வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். மோட்டாருக்கான கார்பன் பிரஷ் ஒரு ஜோடி கையோடு கிடைத்தது.