விட்டு விட்டு வரும் காய்ச்சலும் கஷாயமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலேரியாவுக்கு உதவக்கூடிய மூலிகைகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நிலவேம்பும் ஏழிலைப்பாலையும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தவை. காய்ச்சல் என்றதும் இங்கே முதலில் அடுப்பில் ஏறுவது கஷாயம்தான். அதனாலேயே கட்டுரையில் விட்டுப்போன சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செடியிலிருந்து மலேரியாவுக்கு மருந்து கிடைத்தது உண்மை. சின்கோனா பட்டையிலிருந்து குயினைனை 1820இல் பிரித்தெடுத்தார்கள். பிறகு அந்த மரத்தை நீலகிரியில் தோட்டம் போட்டே வளர்த்தார்கள். 1970களில் சீனாவின் தூ யூயூ பழைய வைத்திய நூல் ஒன்றில், காய்ச்சலுக்கு ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். கொதிக்க வைத்தால் பலன் கெடுகிறதோ என்று யோசித்து, குறைந்த சூட்டில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு சாரம் எடுத்தார். அப்படிக் கிடைத்ததுதான் ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்து. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நாமோ எதையும் நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சுகிறோம். நிலவேம்பில் இருக்கும் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருள் ஆய்வுக்கூடத்தில் மலேரியா கிருமியைத் தடுக்கிறது, சரி. நம் டம்ளரில் இருப்பதும் உடம்புக்குள் போய் அதையே செய்யும் என்று யார் சோதித்தார்கள்? ஏழிலைப்பாலை சேர்த்து மலேரியாவுக்கென்றே உருவாக்கிய ஆயுஷ்-64 மாத்திரை, வைவாக்ஸ் என்ற வகை மலேரியா நோயாளிகளிடம் சோதித்தபோது வழக்கமான மருந்தான குளோரோகுயினுக்கு ஈடாகவில்லை. இதையும் எழுதியிருக்க வேண்டாமா?

என் பெரிய பயம் வேறு. மலேரியாக் காய்ச்சல் பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குளிர் நடுக்கி, உடம்பு கொதித்து, வியர்த்துக் கொட்டித் தானாகவே இறங்கும். அன்று கஷாயம் கொடுத்திருந்தால் மறுநாள் வீட்டில் எல்லோரும் கஷாயம் கேட்டுவிட்டது என்றே நம்புவார்கள். பால்சிபாரம் என்ற ஆபத்தான வகையாக இருந்தால் அப்படித் தள்ளிப்போடும் நாட்களில் மூளையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கி, மாதங்கள் கழித்தும் திரும்ப வரும். அதை ஒழிக்க 14 நாள் பிரிமாகுயின் மாத்திரை சாப்பிட வேண்டும்.

இங்கே வேலந்தாவளம் வழியாகத் தினமும் எத்தனையோ பேர் கேரள-தமிழக எல்லை தாண்டுகிறார்கள். மலேரியா அதிகமுள்ள ஒடிசா வரை லாரி ஓட்டிப் போய் வருகிறவர்களும் அதில் உண்டு. மலைக்காடுகள் இருக்கும் நம் நாட்டில் நிலவேம்பையும் ஏழிலைப்பாலையையும் ஒழுங்காக ஆராய வேண்டும் என்பதில் எனக்கு உங்களைவிட ஆசை அதிகம். ஆனால் ஆய்வு முடியும்வரை காய்ச்சல் காத்திருக்காது.

அடுத்த முறை மூலிகை பற்றி எழுதும்போது ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அரசு சுகாதார நிலையங்களில் மலேரியா ரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்று அதில் இருக்கட்டும். அப்புறம், வெளிமாநிலம் போய் வந்தவர்கள் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும் என்பதையும் சேருங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.