கடல் கொண்டவர்களின் பெயர்களை அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டக் கடற்கரை ஊரான மேலமணக்குடியில் பிறந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சார்ஜாவில் கட்டட வேலை பார்த்துவரும் வாசகன் நான்.

ஆழிப்பேரலை (சுனாமி) வந்த 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு இங்கே வேலை நாள். சுமத்ரா அருகே இந்திய நேரப்படி காலை 6.28 மணிக்குக் கடலடி நிலம் அதிர்ந்ததை அறியாமல் சாரத்தின் மேல் நின்றிருந்த எனக்கு நாகர்கோவிலில் இருந்து அத்தான் அழைத்து, "கடல் ஊருக்குள்ள ஏறிட்டு, பாலமும் போச்சு" என்றார்; அத்துடன் இணைப்பு அறுந்தது. பழையாறு கடலில் சேரும் பொழிமுகத்துப் பாலமே பெயர்ந்துவிட்டதென்றால் கரையோர வீடுகளின் கதியை எவரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா பிழைத்துக்கொண்டதையும் சித்தியும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் போய்விட்டதையும் மூன்றாம் நாள் ஒரே அழைப்பில் கேட்டேன். விடுப்புக் கிடைத்து ஊர் சேர்ந்தபோது அவர்களைப் பலரோடு சேர்த்து அடக்கம் செய்த குழியின் மேல் மண் காய்ந்திருந்தது. முகம் பார்க்காமல் விட்ட சாவை மனம் இன்றுவரை ஒப்பவில்லை.

ஆண்டுதோறும் நினைவு நாளன்று குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி நினைவிடங்களில் மலர் தூவும் படம் தங்கள் இதழில் வருகிறது. தூவியவர்களின் பெயர்களும் தவறாமல் இடம்பெறுகின்றன. மாண்டவர்களின் பெயர்களை நான் பார்த்ததில்லை. தேவாலயப் பங்குப் பேரவைகளிடம் பட்டியல் பெற்று, குடும்பத்தாரின் ஒப்புதலோடு, ஆண்டுக்கு ஓர் ஊர் வீதமேனும் பெயரும் வயதுமாக வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் சிக்கிய தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆழ்கடல் மீனவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். பலரின் உடல்கூடக் கரை வரவில்லை என்பதால், அவர்களுக்காக நின்று அழுவதற்கு ஒரு கல்லறையும் இல்லை.

ஊரில் இருப்பவர்கள் நினைவு நாளன்று ஊர்வலமாகச் சென்று மெழுகுவர்த்தி ஏற்றி, திருப்பலியில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதுவிடுகிறார்கள். எங்களுக்கோ அன்று விடுப்பு இல்லை. வேலை முடிந்து திரும்பிய பின் அறையில் கூடுகிறோம். குளச்சலைச் சேர்ந்த இசுலாமிய நண்பரும் நாகர்கோவிலைச் சேர்ந்த இந்து நண்பரும் எங்களோடு அமர்கிறார்கள். செபம் முடிந்ததும் அவரவர் இழந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வோம். கடந்த ஆண்டு, சித்தி வீட்டை ஒட்டியிருந்த வீட்டுக் குழந்தையின் பெயர் எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அம்மாவை அழைத்துக் கேட்ட பிறகுதான் சொல்ல முடிந்தது. அம்மாவுக்கு இப்போது எண்பது வயது.

இப்படிக்கு,
மேலமணக்குடி வாசகன்,
சார்ஜா.