சுருட்டிக்கொண்டு ஓட முடியாது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் நகைச்சுவைத் திரைக்கதையைப் படித்தேன். 1941, வேல்ஸ். சுரங்கத்தில் ஒளித்துவைத்த லண்டன் நேஷனல் கேலரி ஓவியங்களைத் திருட வரும் ஜெர்மன் உளவாளிகள். நல்ல களம். ஆனால் உன் ஆள் ஓவியத்தைப் பிளேடால் அறுத்து, பாய் மாதிரி சுருட்டி, கோட்டுக்குள் செருகிக்கொண்டு நடக்கிறானே, அங்கேதான் இடிக்கிறது.

முந்நூறு வருஷத்து எண்ணெய் வண்ணம் அப்பளம் மாதிரி. உள்பக்கம் வர இறுக்கிச் சுருட்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். சுருட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்க, பெரிய உருளையில் தளர்வாகச் சுற்ற வேண்டும். அந்த உருளை எந்தக் கோட்டுக்குள்ளும் நுழையாது. மரப்பலகை ஓவியமென்றால் அந்த வழியும் அடைப்பு. ஓவியங்களை ஒளித்துவைத்த மானோட் சிலேட்டுக் குவாரிக்குள் இயல்பாகவே 8 டிகிரி குளிர், 95 சதவீதத்துக்கு மேல் ஈரம். அதனால்தான் உள்ளே செங்கல் அறைகள் கட்டி, 17 டிகிரி, 42 சதவீத ஈரப்பதம் என்று காத்தார்கள். அங்கிருந்து பலகையை வெளியே மழைக்குத் தூக்கி வந்தால் மரம் ஊதும், வண்ணம் கூடவே ஊதாது. விரிசல் விழும்.

சிரிப்பை அளவில் தேடு. வான் டைக் வரைந்த, குதிரைமேல் அமர்ந்த முதலாம் சார்லஸ் ஓவியம் 3.7 மீட்டர் உயரம், 2.9 அகலம். அதற்கென்று செய்த முக்கோணப் பெட்டிக்கு ‘யானைப் பெட்டி’ என்றே பெயர். லாரியில் ஏற்றினால் வழியிலிருந்த ரயில் பாலத்துக்கு அடியில் நுழையாது. பாலத்தை உயர்த்தவா முடியும்? சாலையைத் தோண்டித் தாழ்த்தினார்கள். குவாரி வாசலைப் பெரிதாக்க வெடிவைத்து 5,000 டன் பாறையை அகற்றினார்கள். உன் திருடன் பெட்டியோடு வேறு பாதையில் தப்பப் பார்க்கட்டும். அடுத்த பாலத்தில் அந்தச் சலுகை கிடையாது.

அவனைப் பிடிக்கத் துப்பறிவாளரும் வேண்டாம். 1940 செப்டம்பரில் கென்ட் கடற்கரையில் இறங்கிய நிஜ உளவாளி ஒருவன், லிட் என்ற ஊரில் காலையிலேயே மதுக்கடைக்குப் போய் சைடர் என்ற ஆப்பிள் மது கேட்டான். அந்நேரம் விற்கக் கூடாது என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த சட்டம். அன்றே பிடிபட்டான். உன் கதை நடக்கும் பிளைனை ஃபெஸ்டினியாக்கிலோ தெருவில் பேசுவது வெல்ஷ். லண்டன் உச்சரிப்பை மாதக்கணக்கில் பழகி வந்தவன், வாயைத் திறந்த நொடியே வெளியூர்க்காரன்!

சர்ச்சில் காட்சியையும் மாற்று. ஓவியங்களைக் கனடாவுக்கு அனுப்பலாம் என்று 1940இல் யோசனை வந்தபோது, ஒன்றுகூடத் தீவை விட்டுப் போகக் கூடாது என்று தடுத்தவர் அவர். நீ அவரையே கப்பலேற்றச் சொல்ல வைத்திருக்கிறாய்.

அன்புடன்,
அண்ணன்