செல்வம் போய்விட்டான்

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, சின்னவன் இன்னும் அரியரோடு மல்லுக்கட்டுகிறான். இத்தனை நாள் எழுதாமல் இருந்துவிட்டு இந்தச் செய்தியோடு வருகிறேன். நம் செல்வம் தவறிவிட்டான்டா. மாரடைப்பு.

நெஞ்சைக் கரிக்கிறது என்று இரண்டு நாளாகவே சொல்லியிருக்கிறான். கேஸ் என்று அவனாகவே முடிவுகட்டி, சோடாவும் ஓமவாட்டரும் குடித்துவிட்டு லோடு இறக்கப் போயிருக்கிறான். டாக்டரிடம் போகலாம் என்று மல்லிகா கெஞ்சியதற்கு, "இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்றானாம். மல்லிகாவுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை கொண்டுவரும் அம்மா வரும் நேரத்தில் இவன் கடையில் இருப்பான். ஒரு தடவைகூடக் கையை நீட்டிப் பிரஷர் பார்த்துக்கொண்டதில்லை.

ஆம்பளை முந்திப் போவது உடம்பு வாகு, விதி என்று துக்க வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. 1970-75இல் நம் நாட்டில் ஆண்களின் சராசரி ஆயுள் 50.5, பெண்களுக்கு 49. பிரசவத்தில் போனார்கள், பெண் குழந்தைதானே என்று காய்ச்சலுக்குக்கூட வைத்தியம் பார்க்காமல் விட்டதில் போனார்கள். பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்தது, பிள்ளைப்பேறு குறைந்தது, கணக்கு மாறிவிட்டது. 2016-20இல் பெண்கள் 71.4, ஆண்கள் 68.6. இதில் விதி எங்கே வந்தது?

ஜெர்மனியில் பவேரியா மடங்களில் இருந்த துறவிகள், கன்னியாஸ்திரீகளின் ஆயுளை மார்க் லூய் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தார். வெளியே ஆணுக்கும் பெண்ணுக்கும் பல வருட இடைவெளி, மடத்துக்குள் ஏறக்குறைய ஒரு வருடம்தான். உடம்பு செய்கிற வித்தியாசம் அவ்வளவே. மிச்சமெல்லாம் பீடி, சரக்கு, ராத்திரி லோடு, அப்புறம் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாத வீம்பு.

மல்லிகா கடன் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் எழுத்து யாருக்கும் புரியவில்லை. பெண்கள் கூடுதலாக வாழ்கிறார்கள் என்கிறோம், அந்த வருடங்களை அவர்கள் எப்படிக் கழிக்கிறார்கள் என்று யார் பார்க்கிறோம்?

நீ இன்னும் சிகரெட்டை விடவில்லை என்று தங்கச்சி போனில் அழுதது. உன் அப்பாவும் சித்தப்பாவும் அறுபதைப் பார்க்கவில்லை, ஞாபகம் இருக்கட்டும். கணேசன் சார் டஸ்டரால் அடித்தபோது "வலிக்கலையே சார்" என்று சிரித்தவன்தானே நீ! அந்தக் கதை டாக்டரிடம் வேண்டாம். இந்த வாரமே ஈசிஜி, சுகர், கொழுப்பு மூன்றும் பார்த்துவிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், ரிப்போர்ட்டைக் கையில் வைத்திரு.

செல்வம் பையனுக்கு அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டும். நம் செட்டில் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறோம், நீயும் முடிந்ததை அனுப்பு.

அன்புடன்,
ராஜு