சோதோமின் பாவம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தன்பாலீர்ப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான வாசகர் கடிதம், இதில் வேதம் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது என்றும், வியாக்கியானம் என்பதே தப்பித்துக்கொள்ளும் வழி என்றும் வாதிட்டிருந்தது. ஞாயிறு பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதை மறுக்க விரும்புகிறேன். வியாக்கியானம் செய்யாமல் வேதத்தை வாசிப்பவர் எவரும் இல்லை. அக்கடிதத்தை எழுதிய அன்பரும் அதைத்தான் செய்திருக்கிறார்.

அவர் முதலில் சுட்டுவது ஆதியாகமம் 19, பாவத்துக்காக அழிக்கப்பட்ட சோதோம் என்ற ஊரின் கதை. லோத்தின் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் பலவந்தப்படுத்த ஊரே கதவருகே திரண்ட சம்பவம் அது. நியாயாதிபதிகள் 19-ஆம் அதிகாரத்திலும் ஏறத்தாழ இதே காட்சி வருகிறது. கிபியா ஊரார் வழிப்போக்கனான லேவியனைத் தங்களிடம் ஒப்படைக்கக் கேட்டு வீட்டைச் சூழ்ந்துகொள்கிறார்கள், இறுதியில் அவனுடைய மறுமனையாட்டியை இரவு முழுவதும் சீரழித்துச் சாகடிக்கிறார்கள். அதை வாசித்துவிட்டு ஆண் பெண் காதலே பாவம் என்று இதுவரை எவரும் பிரசங்கித்ததில்லை. வன்முறை என்றுதான் சொல்கிறோம். சோதோமுக்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன்? எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமத்தை வெளிப்படையாகவே பட்டியலிடுகிறது: கெர்வம், ஆகாரத்திரட்சி, நிர்விசாரமான வாழ்வு, எளியவனின் கையைப் பலப்படுத்தாமை. மத்தேயு 10-இல் இயேசுவும் தம் சீடர்களை ஏற்றுக்கொள்ளாத பட்டணங்களைக் கண்டிக்கும்போதுதான் சோதோமை நினைவூட்டுகிறார். மறுபக்கம், எசேக்கியேல் அடுத்த வசனத்திலேயே அவ்வூரார் அருவருப்பானதைச் செய்தார்கள் என்றும் சேர்க்கிறார் என்பதையும், யூதாவின் நிருபம் அதே ஊரின் விபசாரத்தைக் குறிப்பிடுகிறது என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. வேதத்துக்குள்ளேயே சோதோம் ஒரே விதமாக வாசிக்கப்படவில்லை என்பதே நான் சொல்லவருவது.

லேவியராகமம் 18:22 ஆண்கள் ஒருவரோடொருவர் கூடுவதை விலக்குகிறது. 20:13 அதற்கு மரண தண்டனை விதிக்கிறது. முந்தியதை மேற்கோள் காட்டுவோர் பிந்தியதை நிறைவேற்றச் சொல்வதில்லை. அதே நூலின் 11-ஆம் அதிகாரம் சிறகும் செதிளும் இல்லாத நீர்வாழ் உயிர்களை அருவருப்பு என்கிறது. ஆனால் எங்கள் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இறாலையும் நண்டையும் ஏலத்தில் எடுத்து ஞாயிறு ஆராதனைக்குப் பின் குழம்பு வைத்துச் சாப்பிடாத கிறிஸ்தவக் குடும்பம் அரிது. வட்டி வாங்காதே என்று 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுவதைப் பற்றி எழுதினால் சில சபை மூப்பர்களுக்கு வருத்தம் வரும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். சடங்குச் சட்டம் ஒழிந்தது, ஒழுக்கச் சட்டம் நிலைத்தது என்ற பதில் பழமையானதும் மதிக்கத்தக்கதும்தான். ஆனால் எந்த வசனம் எந்த வகை என்று லேவியராகமம் எங்கும் பிரித்துக் காட்டவில்லை. பிரித்தவர்கள் பிற்கால வியாக்கியானிகளே.

உண்மையில் கடினமான பகுதி, அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரமே. சிலைவழிபாட்டோடு பின்னிய இச்சையைத்தான் பவுல் கண்டித்தார் என்பாரும், படைப்பின் ஒழுங்கையே அவர் பேசினார் என்பாரும் இருக்கிறார்கள். இரண்டாவது தரப்பை அறியாமை என்று நான் தள்ளமாட்டேன். ஆயினும் பவுலின் வாதம் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில், பிறரைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவன் போக்குச்சொல்ல இடமில்லாதவன் என்று திரும்புகிறது. மேடையில் அந்த வசனம் வரை வாசிப்பவர்களைக் காண்பது அபூர்வம்.

திருச்சபைகளும் ஒரே குரலில் பேசவில்லை. கத்தோலிக்க மறைக்கல்வி நூல் தன்பாலின உறவை ஏற்பதில்லை. ஆனால் அதே நூலின் 2358-ஆம் பத்தி அத்தகையோரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாடு கூடாது என்கிறது. தரங்கம்பாடி வழியாகத் தமிழ் லுத்தரன்களுக்கு ஊழியர்களை அனுப்பிய சுவீடன் திருச்சபை 2009 முதல் தன்பாலினத் திருமணங்களை நடத்திவைக்கிறது. சட்டமும் வேதத்தைப் போலவே ஊருக்கு ஊர் மாறியது: பிரான்சு 1791-இலேயே தன்பாலின உறவு என்ற குற்றத்தைத் தன் தண்டனைச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது, ஆங்கிலேயர் 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவாக எழுதி வைத்ததை, வயதுவந்தோர் மனமொப்பிய உறவைப் பொறுத்தவரை, நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றுதான் நீக்கியது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்கும் ஆங்கிலேயர் ஆண்ட கடலூருக்கும் இடையே உள்ள தூரம் இருபது சொச்சம் கிலோமீட்டர். இரு ஊர் ஆலயங்களிலும் வாசிக்கப்பட்டது அதே பவுலின் நிருபங்கள்தான்.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது நான் அறிந்த ஒரு குடும்பம். கல்லூரி முடித்த மகன் தன் ஈர்ப்பைப் பெற்றோரிடம் சொன்னதும், அவனை ஒரு ஜெபவீட்டுக்கு அழைத்துச் சென்றனர். நாள்கணக்கில் உபவாசம், நெற்றியில் எண்ணெய் பூசி, தலையை இருவர் அழுத்திப் பிடித்து, அசுத்த ஆவியே போ என்று உரத்த ஜெபம். அவன் இப்போது வீட்டாரோடு பேசுவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் தன்பாலீர்ப்புள்ள இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கை விசாரித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இப்பொருளில் புரிதல் போதாது என்று கூறி உளவியலாளரைச் சந்தித்துக் கேட்டறிந்த பின்னரே 2021 ஜூனில் உத்தரவிட்டார். பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். ஜெபத்தின் பெயரில் நடப்பதற்கு அப்படிக் கேட்டறியும் பொறுமை வேண்டாமா?

ஆகவே நம் ஆயர்களையும் குருமார்களையும் நான் கேட்பது இரண்டே. வேதபாட வகுப்புகளில் மேற்சொன்ன பகுதிகளை, ஏற்பவர் மறுப்பவர் இரு தரப்பு வாசிப்புகளோடும் முழு அதிகாரமாக எடுத்துப் படிக்கட்டும். பிள்ளையை அழைத்துக்கொண்டு கலங்கி வரும் பெற்றோரை, பேயோட்டும் கூட்டங்களுக்கு அனுப்புவதை உடனே நிறுத்தட்டும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
கடலூர் முதுநகர்