ஊருணிக்கு ஒரு பக்கமாவது மண்கரை வேண்டும்

செட்டிநாட்டு ஊருணிகளைச் சீரமைக்கும் உள்ளாட்சி அதிகாரிகளுக்கும், அப்பணிக்கு மனமுவந்து நிதி வழங்கும் நகரத்தார் பெருமக்களுக்கும் வணக்கம்.

தூர்ந்து கிடந்த ஊருணிகளில் மீண்டும் தண்ணீர் நிற்பதில் எங்களுக்கும் மகிழ்ச்சியே. ஆனால் நான்கு பக்கமும் செங்குத்தாகக் கான்கிரீட் சுவர் எழுப்பி, அதன்மேல் நடைபாதைக் கல் பதிக்கும் புது வழக்கம், அந்த நீரை நம்பி வாழும் பெருந்தவளைக்கு வாழிடமே இல்லாமல் செய்துவிடும் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

15 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும் இத்தவளை, கோடையில் கரையோர ஈரமண்ணிலும் புதர் வேர்களுக்கடியிலும் பதுங்கிக் கிடந்து, பெருமழை பெய்ததும் வெளியே வரும். அப்போது பச்சையும் பழுப்புமாக இருந்த ஆண் எலுமிச்சை மஞ்சளாக மாற, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் உப்பும். அதைப் படம்பிடித்து 'விஷத் தவளை' என்று வாட்ஸ்அப்பில் பரப்புவோர் உண்டு. பாவம், அது பெண்ணை அழைக்க உடுத்திய மாப்பிள்ளைக் கோலம், சில நாள்களில் மங்கிவிடும்.

முட்டையிடுவது ஆழத்தில் அன்று, கரையோரத் தேங்கல் நீரில். ஊனுண்ணிகளான அதன் தலைப்பிரட்டைகள் கொசுப்புழுக்களைத் தின்னும். மற்றத் தவளைகளின் குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை. கால் முளைத்து வால் சுருங்கிய குட்டி நிலமேற வேண்டிய நாளில்தான் சிக்கல்: மரத்தவளைக்கு உள்ளதுபோல் ஒட்டிக்கொள்ளும் விரல்நுனி இதற்கில்லை, வழவழப்பான சுவரில் ஏற முடியாது. பழைய ஊருணிகளிலும் கல்கட்டு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் செம்பாறாங்கற்களுக்கிடையே இடுக்குகள் இருந்தன, மழைநீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வரத்துக்காலும் மண்ணாகவே இருந்தது.

தவளைகளைக் கால் இறைச்சிக்காகப் பிடித்து ஏற்றுமதி செய்வதை 1987-இல் இந்தியா தடை செய்தது. கையால் பிடிப்பதைத் தடுத்தோம், கரையைப் பறித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, இனி எடுக்கும் பணிகளில் வரத்துக்கால் இருக்கும் பக்கத்தையாவது சரிவான மண்கரையாக விட்டு, கோரையும் புல்லும் வளர அனுமதிக்க வேண்டுகிறேன். தூர்வாரும் இயந்திரம் நடுப்பகுதியோடு நிற்கட்டும். கோடையில் வற்றும் சிறு குட்டைகளில் ஜிலேபிக் கெண்டை விட வேண்டாம். மீனில்லாத நீரில்தான் முட்டைகள் தப்புகின்றன. மதிப்பீடு தயாராகும் நிலையிலேயே இதைச் சேர்த்தால் செலவு அதிகரிக்காது. ஒரு பக்கச் சுவரின் செலவு மிச்சம்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் வாசி ஒருவர்