இரண்டு பனியன் போடும் மாணவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்வயதினர் அழகு அறுவைச் சிகிச்சையை நாடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, மூக்கையும் உதட்டையும் திருத்திக்கொள்ள விரும்பும் பெண்பிள்ளைகளைப் பற்றியே பேசியது. 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், மார்பு வீங்கி, அதை மறைக்கப் பாடுபடும் பையன்களைப் பற்றியும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கபடிக்குச் சட்டையைக் கழற்றச் சொன்னால், அப்படிப்பட்ட பையன், நன்றாக ஆடக்கூடியவனாக இருந்தாலும், வயிற்றுவலி என்று மரத்தடியில் உட்கார்ந்துகொள்வான். பங்குனி வெயிலிலும் சீருடைக்குள் இரண்டு பனியன் போட்டிருப்பான்; புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் மார்போடு அணைத்தபடி, தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பான். என்னிடம் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இதற்காகவே அடிக்கடி விடுப்பு எடுத்தான். காரணத்தை அவன் வாயிலிருந்து வரவழைக்க ஒரு பருவம் முழுதும் ஆயிற்று. வகுப்பில் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

மருத்துவர்கள் கைனகோமாஸ்டியா என்று குறிப்பிடும் இந்த மார்பு வீக்கம், பருவமடையும் வயதில் ஹார்மோன்களின் விகிதம் சிறிது காலம் முன்பின்னாக இருப்பதால் உண்டாவது. 13, 14 வயதில் மிகப் பல பையன்களுக்கு இது ஓரளவு தலைகாட்டும். பெரும்பாலோருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுகளுக்குள் தானே வடிந்துவிடும். உடற்பருமனால் அங்கே சேரும் கொழுப்பு வேறு. சில மருந்துகளாலும், தைராய்டு கோளாறாலும், அரிதாக விரையில் தோன்றும் கட்டியாலும்கூட வீக்கம் வரலாம் என்பதால், கத்தி வைப்பதற்கு முன் காரணம் என்ன என்று பார்த்தாக வேண்டும். வளர்ச்சி முடியாத வயதில் அறுத்து எடுத்தால் மறுபடி வளரவும் வாய்ப்புண்டு.

இதையெல்லாம் அந்தப் பையனுக்கு யாரும் சொல்வதில்லை. கைப்பேசியில் ஒருமுறை தேடிவிட்டால், காலையில் அறுவை, மாலையில் வீடு, மாதத் தவணை வசதியும் உண்டு என்று விளம்பரங்கள் ஓயாமல் வந்து விழுகின்றன. அந்த மாணவனும் அப்படியொன்றைக் காட்டித்தான், "சார், அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க சார்" என்றான். 18 வயது ஆகாதவனுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தான். நானும் அவன் தந்தையுமாக அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பரிசோதித்த மருத்துவர் ஓராண்டு பொறுக்கச் சொன்னார். பதினொன்றாம் வகுப்பில் அவன் ஒற்றைப் பனியனோடு வந்தான்.

வீக்கம் ஆண்டுக்கணக்கில் வடியாததால் மனம் வாடுகிறவர்களுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் 2016-ஆம் ஆண்டு வந்த மருத்துவ வழிகாட்டுதல்படி, 18 வயதுக்குட்பட்டோர் பெரிய அழகு அறுவைச் சிகிச்சைக்கு முன் மனநல மதிப்பீடு பெற்று, 3 மாதம் காத்திருக்க வேண்டும். நாம் அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினர் கண், பல், எடை எல்லாம் பார்க்கிறார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களை ஒவ்வொருவராகத் தனியறைக்கு அழைத்து இதையும் ஐந்து நிமிடம் பேசிவிடலாம். தயவுசெய்து வரிசையில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.